நிழல் விழாத பெயர்

சாமுண்டி மலையின் ஆயிரத்தெட்டுப் படிகளிலும் படிக்கு ஒரு கற்பூரம் ஏற்றி, ஒவ்வொன்றையும் கையால் அணைத்துச் சத்தியம் செய்யலாம். இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் நிஜம். கை பொசுங்கும் என்ற ஒரே காரணத்தால்தான் இன்னும் செய்யவில்லை. ஹனூர் அய்யாசாமி தன் ஒரே மகள் தாரணியைப் பற்றித் தன் வாயாலேயே சொன்னது இது. அவர் சொன்னதற்கு மேல் ஓர் உப்புக்கல்கூடச் சேர்க்கவில்லை. பொய் சொல்வதென்றால் இதைவிட நம்பும்படியாகவே சொல்லியிருக்கலாம்.

தாரணிக்கு இருபத்தாறு வயது. மைசூரின் ஹெப்பாள் தொழிற்பேட்டையில், தேய்ந்த டயர்களுக்கு மறுபடி ரப்பர் ஒட்டும் பட்டறையின் மாடியில் அவள் கம்பெனி. பதினொரு பேர், கைப்பேசி ஆப் செய்வது தொழில். அதே சாலையில் எதிர்ப்பக்கம் இருக்கிற தொழிற்சாலையில்தான் அய்யாசாமி இருபத்திரண்டு வருஷமாகத் தகடு வெட்டும் மெஷினில் நிற்கிறார். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றமும் அப்பா கம்பெனிச் சங்கும் ஒன்றாகவே உள்ளே வரும்.

அந்தத் தொழிற்சாலையின் பஸ்ஸுக்குத்தான் தாரணி ஆப் செய்துகொண்டிருந்தாள். எந்த நிறுத்தத்தில் யார் ஏற வேண்டும் என்று டிரைவரின் போனில் ஒவ்வொருவர் படமும் வரும், படத்தின்மேல் கன்னடத்தில் பெயர். ஆள் ஏறியதும் டிரைவர் பெயரைத் தொட்டால் கணக்கு முடிந்தது. ஒரு பஸ், நாற்பத்திரண்டு பேர். சோதனை பார்க்கும்போது பொய்ப் பெயர்களைப் போட்டுப் பார்ப்பதுதான் அந்தத் தொழிலில் வழக்கம். அவசரத்தில் இவர்கள் நிஜப் பெயர்களையே போட்டுவிட்டார்கள்.

முதல் நாளே டிரைவர் கருப்புசாமி மூச்சு வாங்க மாடியேறி வந்தார். அவரும் ஹனூர்ப் பக்கம்தான்.

"அம்மிணி, இதுல பேரு எங்கீங்க இருக்குது?"

"படத்து மேலயே இருக்குதுங்ணா."

"அல்லாரும் வெள்ளைச் சட்டையப் போட்டுக்கிட்டு வெள்ளைச் செவுத்து முன்னால நின்னு போட்டோ புடிச்சிருக்கறாங்க. பேரும் வெள்ளை. பாலுக்குள்ள சுண்ணாம்பத் தேடறாப்பல தேடறேன். பின்னால ஆரன் அடிச்சே என்ற காது போச்சு."

குழுத் தலைவர் செந்தில்நாதன் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழைக் கன்னடத்தில் முக்கி எடுத்துப் பேசுவார். "அவுட்லைன் கொடு, கொஞ்சம் ஷேடோ கொடு. அஷ்டே, அவ்ளோதான்! சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடு மா" என்று சொல்லிவிட்டு டீக்குப் போய்விட்டார்.

எழுத்துக்கு ஓரக்கோடு வேண்டுமென்றால் ஒரே பெயரை இரண்டு தடவை எழுத வேண்டும். அடியில் கறுப்புக் கோடாக ஒன்று, அதன்மேல் வெள்ளையாக நிரப்பிய ஒன்று. தாரணி முதலில் அடுக்கை மாற்றிப் போட்டுவிட்டாள். கறுப்பு மேலே ஏறி வெள்ளையை விழுங்கிவிட்டது. கன்னட எழுத்துகளுக்குக் கீழே தொங்கும் 'ஒத்து' என்கிற குட்டி எழுத்துகளைச் சுற்றித் தனித்தனியாகக் கோடு விழுந்து, பெயர்கள் கைகால் வெட்டுப்பட்டுக் கிடந்தன. அதைச் சரிசெய்துவிட்டு நிழலுக்கு வந்தாள். வலது பக்கம் இரண்டு புள்ளி, கீழே இரண்டு புள்ளி, ஓரம் கொஞ்சம் புகைந்தாற்போல. ஒரு தடவை எழுதினால் போதும், எல்லாப் பெயருக்கும் அதுவே. பொத்தானை அழுத்தியதும் பெயர்கள் படத்தைவிட்டு எழுந்து நின்றன.

நாற்பத்தொன்று மட்டும்.

ராமக்காள் என்ற பெயருக்கு நிழல் விழவில்லை. ஓரக்கோடு இருந்தது, பின்னால் ஒன்றுமில்லை. ராமக்காள் தொழிற்சாலைக் கேண்டீனில் சமைப்பவர், தாரணிக்கும் தெரிந்த அம்மா. தாரணி எழுதியதை மூன்று முறை படித்தாள். தனியாக ஒரு பெயருக்கென்று எதுவும் எழுதவில்லை. எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப எழுதினாள். ராமக்காள் என்ற பெயர் அப்படியே நின்றது, சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி, நிழல் இல்லாமல். அன்று வியாழக்கிழமை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு இருபதுக்கு ராமக்காள் ரசப் பாத்திரத்தோடு வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு நொறுங்கிப் போயிற்று. விழுகிற இடத்தில் ஈரமே இல்லை என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்கள்.

தாரணி அதையும் இதையும் முடிச்சுப் போடவில்லை. திங்கட்கிழமை பெயர்ப் பட்டியலைத் திறந்தபோதுதான் போட்டாள். பெயின்ட் பிரிவுக் கணேசனுக்கு நிழல் இல்லை.

அவளுடைய அப்பா ஒன்று சொல்வார், சின்ன வயதிலிருந்து கேட்டது: உச்சி வேளையில் வெளியே போகாதே, அந்த நேரத்தில் நடக்கிறதெல்லாம் ஆள் இல்லை, அது தன் நிழல் இல்லாமல் வரும், நிழல் இல்லாதவனையே கூட்டிக்கொண்டு போகும். இத்தனை நாள் அவள் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள். திங்கட்கிழமை சிரிப்பு வரவில்லை. பயத்தில் கணேசனின் பெயரையே பட்டியலிலிருந்து அழித்தாள். பெயரே இல்லாவிட்டால் எதைப் பார்த்து வரும்?

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு இருபதுக்கு, கேண்டீன் பெஞ்சில் டீ டம்ளரைக் கீழே வைத்த கணேசன் எழுந்திருக்கவில்லை. வயது முப்பத்தெட்டு. டீ சூடாகவே இருந்ததாம்.

செய்தியைச் சொன்னது கருப்புசாமி, போனில். தாரணி சோதனைப் போனைத் திறந்தாள். பட்டியல் வந்தது. மேலிருந்து கீழே நகர்த்தினாள். நிழல், நிழல், நிழல். பத்தொன்பதாவது பெயரில் விரல் நின்றுவிட்டது.

அய்யாசாமி.

படத்தில் அப்பா வெள்ளைச் சட்டையில், யாரோ சிரிக்கச் சொன்னதால் சிரித்த மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு ஓரக்கோடு பளிச்சென்று இருந்தது. பின்னால் வெறும் வெள்ளைச் சுவர்.

அன்று மாலை ஆறு மணி வரை அவள் செய்யாதது இல்லை. பெயரை அழித்துத் திரும்பத் தட்டினாள். நிழல் ஒரு கணம் வந்தது, கண் சிமிட்டுவதற்குள் போய்விட்டது. கடைசியில் அந்தப் பெயரையே சாம்பல் நிறத்தில் இன்னொரு தடவை எழுதி, இரண்டு புள்ளி தள்ளி, கையாலேயே ஒரு பொய் நிழலை அடியில் வைத்தாள். அது நின்றது. அவள் மூச்சு விட்டாள். விட்ட மூச்சு முடிவதற்குள் சாம்பல் எழுத்துகள் அசைந்தன. முதலில் கடைசி எழுத்து, பிறகு அதற்கு முந்தியது, வரிசையாக, எறும்பு போவது மாதிரி திரையின் ஓரத்துக்குப் போய், ஓரத்தைத் தாண்டி மறைந்தன.

வீட்டில் அப்பா சாப்பிட உட்கார்ந்தார். டியூப் லைட் வெளிச்சத்தில் சுவரில் அவர் நிழல் தெரிந்தது. தாரணிக்கு அழுகை முட்டியது, சந்தோஷத்தில். அப்பா கையைத் தட்டுக்கு இறக்கினார். சுவரில் இருந்த கை சற்று நேரம் கழித்துத்தான் இறங்கியது.

"நாளைக்கு லீவு போடுங்கப்பா."

"எதுக்கு அம்முணி?"

"சும்மாதான். வீட்ல இருங்க."

"ஊட்ல இருந்தா உங்கம்மா என்னையப் பரண் தொடைக்கச் சொல்லுவா. அதுக்கு மிசினே தேவலை."

"ஆமா, தொடைச்சுக் கிழிச்சீங்க" என்றாள் அம்மா சரசு அடுப்படியிலிருந்து. "போன தீவாளிக்கு ஏறுன ஏணி இன்னும் அங்கயேதான் நிக்குது."

இருவரும் சிரித்தார்கள். சுவரில் அப்பாவின் நிழல் சிரித்து முடித்தது கடைசியில். வீட்டில் இருந்தால் மட்டும் என்ன? கணேசனை மெஷினா கொன்றது? பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவர்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குச் செந்தில்நாதன் அவள் மேஜைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஏன்மா, முகம் இப்படி இருக்கு? இன்னும் ஷேடோவா?"

"ஒரு பேருக்கு மட்டும் வரமாட்டேங்குது சார்."

"பிடு மா, விட்டுத்தள்ளு, சும்னே டென்ஷன் பண்ணிக்காதே. இன்னைக்கு மைசூர்லயே யாருக்கும் நிழல் வராது, தெரியுமா? என் பொண்ணு ஸ்கூல்ல குச்சி நட்டுப் பாக்கறாங்க. பன்னெண்டு இருபத்திரண்டுக்கு சூரியன் கரெக்டா உச்சந்தலை மேல. வருஷத்துல ரெண்டே நாள். குச்சிக்கும் நிழல் கிடையாது, எனக்கும் கிடையாது, நம்ம எம்டிக்கும் கிடையாது."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். தாரணி கடிகாரத்தைப் பார்த்தாள்.

நிழல் இல்லாதவனைத் தேடி வருகிறது. அதுதான் அதற்கு அடையாளம். பெயரை அழித்தும் பயனில்லை, கணேசன் விஷயத்தில் பார்த்தாகிவிட்டது. அப்பாவுக்கு நிழல் வைக்கவும் முடியாது, அதையும் பார்த்தாகிவிட்டது. ஆனால் எல்லார் நிழலையும் எடுத்துவிட்டால்? தரையிலும் யாருக்கும் இல்லை, திரையிலும் யாருக்கும் இல்லை என்றால், தேடி வருகிற அது யாரென்று கண்டுபிடித்துக் கூட்டிப் போகும்?

ஒரே ஒரு வரிதான். அந்த வரியை எடுத்தால் மொத்தப் பட்டியலுக்கும் நிழல் போய்விடும். ராமக்காளையும் கணேசனையும் கழித்தால் நாற்பது பேர். விரலை அழிக்கும் பொத்தானின்மேல் வைத்தாள். அப்போதுதான் இன்னொன்று தோன்றியது. அது குழம்பாமல் போனால்? ஒருவரைத் தேடி வருகிற விருந்தாளிக்கு நாற்பது பேரை இலை போட்டுப் பரிமாறினதாக ஆகிவிடாதா? அந்த நாற்பதில் போன மாதம் கல்யாணமான சக்தி இருந்தாள். ஓய்வு பெற எட்டே நாள் இருந்த கௌரம்மா இருந்தார். அவர்களைக் கேட்காமல் அவர்கள் நிழலை எடுக்க இவள் யார்?

பதினொன்றரைக்கு எழுந்து போய் முகம் கழுவினாள். திரும்பி வந்து பட்டியலின் கடைசியில் ஒரு பெயர் சேர்த்தாள்: தாரணி. நாற்பத்தொன்று. பிறகு அந்த வரியை அழித்தாள்.

கருப்புசாமியின் போனுக்குப் புது ஆப்பை அனுப்பிவிட்டு, படியிறங்கிச் சாலையைக் கடந்து தொழிற்சாலை முற்றத்துக்கு ஓடினாள். பன்னிரண்டே காலுக்குச் சங்கு ஊதியது.

"அண்ணா, அல்லாரையும் பஸ்ஸு முன்னால வெயில்ல வந்து நிக்கச் சொல்லுங்க. ஆப் டெஸ்ட்டுன்னு சொல்லுங்க. அஞ்சே நிமிஷம்."

"சோத்து நேரத்துலயா? என்னையக் கடிச்சே தின்னுபோடுவாங்க அம்மிணி."

"அண்ணா!"

அவள் குரலில் என்ன இருந்ததோ, கருப்புசாமி உடனே விசில் எடுத்தார்.

ஒவ்வொருவராக முனகிக்கொண்டு வந்தார்கள். சக்தி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். "போன்ல ஏர்றதுக்கு முன்னால வெயில்ல வேகோணுமா?" என்றார் கௌரம்மா. அய்யாசாமி சோற்றுத் தூக்குப்போசியோடு கடைசியில் வந்து நின்றார். மகளைப் பார்த்து, பசிக்கிறது என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

தாரணி தரையைப் பார்த்தாள். மற்ற எல்லாருடைய நிழலும் காலடிக்குள் சுருங்கிக்கொண்டிருந்தது. அப்பா காலடியில் முன்னமே ஒன்றும் இல்லை.

பன்னிரண்டு இருபத்திரண்டு. கொடிக்கம்பத்தின் நிழல் அற்றுப்போனது. பஸ் கண்ணாடியின் நிழல், கருப்புசாமி தொப்பியின் நிழல், எல்லாம் போயின. அடுத்த வீதி லாரிச் சத்தமும் நின்றது. யாரும் பேசவில்லை, ஏன் பேசவில்லை என்று பின்னால் கேட்டபோது யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"அம்மிணி" என்றார் கருப்புசாமி மெல்ல. போனை உள்ளங்கையில் வைத்து நீட்டியிருந்தார். "நான் தொடுலீங்க."

பட்டியல் தானாக நகர்ந்துகொண்டிருந்தது. யாரோ விரல் வைத்து வரிசை பார்ப்பது மாதிரி, மெதுவாக, ஒவ்வொரு பெயராக. ஒரு பெயரில் நிற்கும். அந்தப் பெயரின் கறுப்பு ஓரக்கோடு தடிக்கும். தடித்துத் தடித்து உள்ளே இருக்கும் வெள்ளையை நெருக்கும். பிறகு இது இல்லை என்பது போல விட்டுவிடும். அடுத்த பெயர். சக்தியின் பெயரில் நின்றபோது, வெயிலில் நின்ற சக்தி காரணமில்லாமல் கைகளைத் தேய்த்துக்கொண்டாள். கௌரம்மா இருமினார்.

பத்தொன்பதாவது பெயர். நின்றது. கோடு தடித்தது. வெள்ளை ஒரு நூலாக ஒடுங்கியது. தாரணி அப்பாவைப் பார்த்தாள். அய்யாசாமி தூக்குப்போசியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்ற முயன்றார், கை வரவில்லை. அவர் முகத்தில் ஆச்சரியம் மட்டும் இருந்தது.

கத்த வேண்டும் என்று நினைத்தாள். வாய் திறந்தால் அது, ஓ, இவரா என்று தெரிந்துகொண்டுவிடும் என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு போனையே பார்த்தாள்.

கோடு விட்டது. பட்டியல் நகர்ந்தது. பிறகு பாதியில் சந்தேகம் வந்ததுபோல் நின்று, மேலே திரும்பி வந்து, மறுபடி அய்யாசாமி, மறுபடி கீழே, முப்பது, முப்பத்தைந்து, நாற்பத்தொன்று. தாரணி. அவள் பெயரைச் சுற்றிக் கறுப்பு ஏறியபோது, கொதிக்கிற சிமென்ட் தரையில் நின்ற அவள் உள்ளங்கால் இரண்டும் ஐஸாகிவிட்டன. அது கணுக்காலுக்கு வந்தது. முழங்காலுக்கு வந்தது.

பிறகு பட்டியல் பைத்தியம் பிடித்ததுபோல் மேலும் கீழும் மூன்று தடவை ஓடியது. ஓடி நின்றது. அவ்வளவுதான். அடுத்த வீதியில் லாரி ஆரன் அடித்தது.

"முடிஞ்சுதுங்களா?" என்றார் கௌரம்மா. "ரசம் ஆறிப் போகுது."

தரையில் நிழல்கள் மெல்லக் கிழக்குப் பக்கமாக எட்டிப் பார்த்தன. கம்பத்துக்கு வந்தது, பஸ்ஸுக்கு வந்தது, சக்திக்கு, கௌரம்மாவுக்கு, கருப்புசாமிக்கு. அய்யாசாமிக்கு வரவில்லை. தாரணி எண்ணினாள். ஐந்து, ஆறு, ஏழு. பன்னிரண்டாவது எண்ணிக்கையில் அவர் செருப்புக்கு அடியிலிருந்து ஒரு கறுப்பு விளிம்பு வந்தது. விரல் அகலம். பிறகு தூக்குப்போசிக்கும் ஒரு நிழல் வந்து பக்கத்தில் தொங்கியது. அவர் கையை மாற்றினார். நிழலும் அதே கணத்தில் மாற்றியது.

தாரணி அங்கேயே, அத்தனை பேர் பார்க்க, அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

"பசியில என்னைய நிக்க வெச்சுப்போட்டு நீ எதுக்கு அம்முணி அழுவறே?" என்றார் அய்யாசாமி.

அந்த ஆப் இன்றைக்கும் ஓடுகிறது. எழுத்துகளுக்கு ஓரக்கோடு மட்டும்தான், நிழல் கிடையாது. ஏன் என்று கேட்டால், சிம்பிளா இருக்கட்டும்னு விட்டோம் என்கிறார் செந்தில்நாதன். ராமக்காள் தடியூன்றி வேலைக்கு வருகிறார். அய்யாசாமியோ இதை யாரிடம் சொன்னாலும், "என்ற பொண்ணு இல்லீன்னா நான் ஏதுங்க" என்னும் இடத்தில் குரல் உடைந்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

அய்யாசாமிக்குப் பிள்ளைகள் இரண்டு பேர், இரண்டும் பையன்கள்.